ஒரு கண் பாக்கி

எங்கள் தெருவில் ஒருவர் படமாக வேண்டுமென்றால் முதலில் அவர் சாக வேண்டும். செத்த பிறகு, கல்யாணக் கூட்டத்தில் எப்போதோ எடுத்த போட்டோவிலிருந்து அவர் தலையை மட்டும் தனியாக எடுத்து, திண்டிவனத்தில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் மாலையும் சின்ன சிவப்பு பல்பும் மாட்டிச் சுவரில் ஏற்றுவார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் சுவரில் இருப்பதில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பலகையும் கலர் டப்பாவும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன மார்கழிக்கு அடுத்த கோடை அது. எனக்குப் பத்து வயது. அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிற பிள்ளையாக அதற்குள் ஆகிவிட்டிருந்தேன். பயப்படுவதற்குப் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் மாமா கொண்டுவந்தார்.

மாமா குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வெள்ளையடிக்கப் போனவர். அங்கே படம் வரையச் சொல்லித்தருகிற இடம் ஒன்றில், ஆடாமல் அசையாமல் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் போய் உட்கார்ந்துவிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்தபடி, குடம் தூக்குகிற மாதிரி, தூங்குகிற மாதிரி என்று இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி உட்கார்ந்து வெள்ளைக்காரர்களும் நம் ஆட்களும் இவரை வரைவார்களாம். நடுவில் டீக்கு விடும்போது இவர் எழுந்து ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பார்ப்பாராம்.

"ஒருத்தன் என்ன குண்டா போட்டிருப்பான்க்கா. ஒரு பொம்பள என்ன கெழவனாக்கியே உட்டுட்டா. எங்க தப்புன்னு எனக்குத் தெரியும். என் கையி எனக்குத் தெரியாதா?"

அப்படித் தப்புப் பார்த்துப் பார்த்தே மாமாவுக்கு வரைய வந்துவிட்டது. அங்கிருந்த மாஸ்டர், ஒரு முழு உருவத்தை முகத்தோடு, ஆளை எதிரில் உட்காரவைத்து, கலரில் போட்டுக்கொண்டு வா, பிறகு நீயும் இந்தப் பக்கம் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போகிற ஆட்களோடு மாமாவும் கிளம்பிவிடுவார். வரப்பில் குந்திக்கொண்டு பென்சிலால் கிறுக்குவார். ஒரு ஆள் உப்பு வாருகிற பலகையை இழுத்துக் குனிந்து நிமிர்வதற்குள் முதுகையும் இடுப்பையும் காலையும் பிடித்துவிட வேண்டுமாம். நாளுக்கு ஒரு படமாவது கலரில் முடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே கட்டளை வேறு. காலையில் கடல் காற்றுக்குத் தாள் காயவே காயாது. வெயில் ஏறினால் கலர் தூரிகையிலேயே காய்ந்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்து, படத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் குடிதண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்வார்.

"குடிக்கவே தண்ணி இல்ல. தொரைக்குக் கலர் கலக்கத் தண்ணி" என்பாள் அம்மா.

தண்ணீர்கூடப் பெரிய விஷயமில்லை. வரைய வேண்டுமென்றால் ஆளைப் பார்க்க வேண்டும். ஊரில் யார் யாரை அவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்? "டேய், என்னாடா மொறைக்கிற? உங்கக்காகிட்ட சொல்லட்டா?" என்று பெண்கள் திரும்பிக்கொள்வார்கள். ஆண்கள் பீடி பற்ற வைக்கிற சாக்கில் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே மாமாவிடம் ஒரு கட்டு முதுகுகள் சேர்ந்துவிட்டன. அம்மா அவற்றைப் புரட்டிப் பார்த்து, "இது மேஸ்திரி பொண்டாட்டி. இது நம்ம கோடி வூட்டுக்காரன், ஒரு தோளு எறங்கியிருக்குது பாரு" என்று பேர் சொல்லிக்கொண்டே போவாள். ஒரு முதுகுகூடத் தப்பவில்லை. மாமாவுக்கு அது பெருமைதான். ஆனால் முதுகை எடுத்துக்கொண்டு குயிலாப்பாளையம் போக முடியாதே.

கடைசியில் தெருக்கோடியில் ஒரு பெரியவர் முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியவர், உட்காருவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. மாமா நன்றாகவே வரைந்தார். அந்த மாதமே பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வந்து மாமாவிடமிருந்து படத்தை வாங்கிக்கொண்டு போய், திண்டிவனச் செலவு மிச்சம் என்று மாலை போட்டுவிட்டார்கள்.

அதோடு தெரு முடிவு பண்ணிவிட்டது. அவன் வரைந்தால் ஆள் காலி.

எதிர்வீட்டு அத்தை மட்டும் மாமாவைக் கூப்பிட்டு, "ஏம்பா, எங்க ஊட்டுக்காரர ஒண்ணு வரைஞ்சி குடேன். சைடுல வேணாம், நேராவே போடு" என்றாள். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை வீட்டு மாமா நல்லவர். எனக்குக் கம்மர்கட் வாங்கித் தருவார். அவரை எப்படிக் காப்பாற்றுவது என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் எங்கள் வீட்டிலேயே வந்து விழுந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய அப்பா, "நான் உக்கார்றேன் மச்சான்" என்றார்.

"உங்களுக்கு வேற வேல இல்ல?" என்றாள் அம்மா.

"வேல முடிஞ்சிதானே உக்காரப்போறேன். சும்மாதானே படுத்துக் கெடக்கறேன்."

அப்பா இருட்டோடு உப்பளம் போவார். தலைத்துண்டைப் புருவம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருப்பார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, அதே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். உப்பு வாருகிறவர்கள் எல்லோருக்கும் கண் சிவந்து இடுங்கித்தான் இருக்கும். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தேவையும் வரவில்லை. எது வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா செத்துவிட்டால் யார் உப்பளம் போவது, தம்பிக்கு நடக்கக்கூடத் தெரியாதே, கடல் திரும்ப வந்தால் அம்மா யாரைத் தூக்குவாள் என்று ஒன்றின் வாலில் இன்னொன்றாக வந்துகொண்டேயிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "போடி, வந்துட்டா பெரிய மனுசி" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஆனால் அவளும் அன்றைக்குச் சாமி படத்துக்குக் கூடுதலாக ஒரு ஊதுவத்தி ஏற்றினாள். நான் பார்த்தேன்.

உருவம் தொடங்கியது. கூரைச் சார்ப்பு நிழலில் ஒரு முக்காலி போட்டு, ஒரு காலை மடக்கி அப்பாவை உட்கார வைத்தார் மாமா. நாள் முழுக்கப் பலகை இழுக்கிற மனிதருக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. மாமா உப்புப் பலகையின் காம்பை எடுத்துக் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் அப்பா அடங்கினார்.

நான் அடங்கவில்லை. "அப்பா, தண்ணி வேணுமா?" "அப்பா, காக்கா சோத்துல வாய வெச்சிடுச்சி." "அப்பா, யாரோ கூப்புடுறாங்க." தம்பியைக் கொண்டுபோய் அவர் மடியில் விட்டேன். அவன் ஒன்றுக்குப் போனான். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இன்னொரு வாட்டி வந்தே, உன்ன வரைஞ்சிடுவேன்" என்றார். நான் வீட்டுக்குப் பின்னால் ஓடி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கலர். இந்தத் தண்ணீர்க் கலரில் வெள்ளை என்று ஒன்று கிடையாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெள்ளை வேண்டிய இடத்தில் ஒன்றும் செய்யாமல் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். அப்பாவின் வேட்டியை மாமா வரையவே இல்லை. சுற்றி நிழலைப் போட்டார், வேட்டி தானாக வந்துவிட்டது. ஈர மண் நிறத்தில் தோள் வந்தது. காறை எலும்பு வந்தது. வெடித்த குதிகால், மீசை, மூக்கு எல்லாம் வந்தன. அப்பா என்னைவிட்டு ஒவ்வொரு துண்டாக அந்தத் தாளுக்குள் போய்க்கொண்டிருந்தார். கண்ணிருக்கிற இடத்தில் மட்டும் இரண்டு வெற்றுக் குழிகள்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண் போடுவார்கள். கண் போட்டால்தான் உயிர் வரும். போடாத வரைக்கும் அது வெறும் மண். அப்படியென்றால் இதுவும் இன்னும் வெறும் தாள்தான்.

மாமா தூரிகை அலசும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, கண்ணு மட்டும் போடாத."

"ஏன்?"

"போட்டா அப்பா செத்துடுவாரு."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"கண்ணு இல்லாம எடுத்துட்டுப் போனா அந்த மாஸ்டரு என்ன ஒதைப்பாருடி."

கொஞ்சம் யோசித்தேன். "அப்ப ஒரு கண்ணாவது உட்டுடு."

"இதென்னா மீன் மார்க்கெட்டா, பேரம் பேசற?" என்று மாமா சிரித்தார்.

அதுதான் அவர் சிரித்த கடைசி நாள். மறுநாள் கண் போட உட்கார்ந்தார். "மாமா, துண்ட எடுத்துடுங்க. இப்பிடி வெளிச்சத்துக்குத் திரும்புங்க" என்று அப்பாவைத் திருப்பி, எழுந்துபோய் ஒரு சாண் தூரத்தில் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்தார். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் மச்சான். கூசுது."

மாமா வந்து உட்கார்ந்து தூரிகையை நனைத்தார். தாளுக்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்ப அலசினார். திரும்ப நனைத்தார். அன்றைக்குப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. தண்ணீர்தான் நிறம் மாறிக்கொண்டிருந்தது. என் வேண்டுதல் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் துள்ளல். ஆனாலும் நம்ப முடியவில்லை; அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாமாவும் அப்பாவும் மெதுவாகப் பேசியது காதில் விழுந்தது.

"எப்பிடிப் போடட்டும் மாமா?"

அப்பா சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லாவே போட்டுடு. உங்கக்கா பாக்கப்போறா இல்ல?"

"பாக்கறதத்தான் போட முடியும். இல்லன்னா எனக்குக் கையி வராது."

அப்பா காம்பைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துப் பிரித்து மூடினார். நல்லாவே போட்டுடு என்றால், அம்மா சுவரில் மாட்டிப் பார்த்துக்கொள்ள வசதியாகப் போடு என்றுதான் எனக்கு அர்த்தமானது. அப்பாவே தயாராகிவிட்டார். கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது மாமா தூரிகையைக் கீழே வைத்திருந்தார். படம் முடிந்துவிட்டது என்றார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கைக்குக் கீழே புகுந்து பார்த்தேன். இடது கண் இருந்தது. கறுப்பாக, ஈரமாக, என்னையே பார்ப்பது போல. வலது கண்ணில் இமை இருந்தது, சுற்றிச் சுருக்கம் இருந்தது, நடுவில் கறுப்பு இருக்க வேண்டிய இடம் வெறும் தாளாக இருந்தது.

"ஒரு கண்ணு பாக்கி இருக்குது!" என்று கத்திவிட்டேன். நான் கேட்டதை மாமா கொடுத்துவிட்டார். ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கிட்டே போய் அவர் மோவாயைப் பிடித்து, எங்களுக்குக் கண்ணில் தூசி விழுந்தால் செய்வது போல வெளிச்சத்துக்குத் தூக்கினாள். அப்பாவின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"இது எத்தினி?"

"வெளையாடாதடி. புள்ள பாக்குது."

"சொல்லுங்க. எத்தினி வெரலு?"

அப்பா சிரித்தார். "ரெண்டு."

அம்மா விரலே காட்டவில்லை. அவளுடைய இன்னொரு கை புடவையைக் கசக்கிப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

பூ விழுந்த கண் அது. உப்பின் மேல் அடித்துத் திரும்புகிற வெயிலும் தெறித்த உப்புத் தண்ணீருமாகச் சேர்ந்து, கறுவிழியை வெள்ளை மூடி மாதக்கணக்காகியிருந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்குச் சேர்க்க மாட்டான் என்று அப்பா துண்டுக்கடியில் அதை வைத்துக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மற்ற கண்ணைத்தான் காப்பாற்ற முடிந்தது. பிறகு அப்பா உப்பளம் போகவில்லை. எட்டாவது முடித்ததும் நான் போனேன். மாமா படத்தில் எதையும் பாக்கி வைக்கவில்லை. இருந்ததை இருந்தபடி முடித்திருந்தார்.

ஆனால் இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது; அன்றைக்கு அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. தெருவுக்கு ஓடிவிட்டேன். எதிர்வீட்டு அத்தை கோணியில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அத்த, எங்க மாமா ஒரு கண்ணு போடல! எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது!"

"அப்பிடியாடி? பொழச்சாரு போ" என்றாள் அவள்.

எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அம்மா அழுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. பாவம், அவளும் என்னைப் போலவே இத்தனை நாளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை, பயம் விட்டதும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஓடினேன்.