இருபது கூரைகளின் பச்சை

கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதைப் பச்சை இல்லை என்று எழுதினால் அது பொய்யா? ஆற அமர யோசிக்க வேண்டிய இந்தக் கேள்வியைப் புள்ளியக்கா ஒரே வாரத்தில் தீர்க்க வேண்டியிருந்தது.

நகராட்சி வரைபடப் பிரிவில் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது அவள் வேலைதான். செயற்கைக்கோள் படத்தில் ஊர் முழுவதும் சதுரப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு வீட்டளவு. போன வருடப் படத்தோடு ஒப்பிட்டு, எங்கே பச்சை குறைந்தது, எங்கே கூடியது என்று கணினி சொல்லும். அது சரியா என்று அவள் நேரில் போய்ப் பார்ப்பாள். ஒருமுறை ஆகாயத்தாமரை மூடிய குளத்தைக் கணினி பூங்கா என்றது. போனவள் ஒற்றைச் செருப்போடு திரும்பினாள்.

அந்த வருடம், பட்டறைகள் நெருக்கியடித்த ஒரு வார்டில் திடீரென்று இருபது புள்ளிகள் பச்சையாகியிருந்தன. பச்சை குறைந்த வார்டுக்கே முதலில் பூங்கா என்பது ஏற்பாடு. பட்டியலில் முதலாவதாக இருந்த அந்த வார்டு, இந்த இருபதால் பட்டியலைவிட்டே வெளியேறியிருந்தது.

பஸ் மெக்கானிக்கான அவள் தம்பி குடியிருப்பது அங்கேதான். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட மனைவிமேல் வெக்கை இறங்காதிருக்க, தகரக் கூரையின்மேல் கயிறு கட்டி அவரைக்கொடி ஏற்றியிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் ஏற்றிவிட்டார்கள்.

அவள் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“வானத்துலேருந்து நம்ம கொடி தெரியுதாக்கா?” தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

“நல்லாவே தெரியுது. அதான்டா வம்பு.”

விஷயத்தைச் சொன்னாள். விதிப்படி பச்சை இடம் என்றால் நாலு பேர் கால் வைத்து நடக்கிற தரை. கூரை அதில் சேராது.

“அப்போ நான் வளத்தது என்ன கலரு?”

“சும்மா இருடா. இந்த வார்டுப் பிள்ளைங்க லாரிக்கு நடுவுல விளையாடுதுங்க, நீ பார்க்கல?”

உள்ளே கட்டிலிலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. “ஏன் அண்ணி, பார்க்கு வந்தா என்னைத் தூக்கிட்டுப் போறது யாரு? நீங்களா?”

“நான்தான். முதல்ல கொஞ்சம் இளைச்சுக் காட்டு.”

கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. ஒரு பை நிறையக் காய் பறித்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே நீட்டினான்.

மறுநாள் அலுவலகத்தில் ஒவ்வொரு புள்ளியாகச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினாள். வார்டு மறுபடி பட்டியலின் தலைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பூங்காவும் வந்தது. இதற்காக அவளை மெச்ச வேண்டியதில்லை. விதி சொன்னதைத்தான் செய்தாள்.

ஆனால் மாற்றியவை பத்தொன்பதுதான். தம்பியின் கூரை பச்சையாகவே இருந்தது. ஒரு புள்ளியால் பட்டியல் மாறிவிடாது. அன்றே மேலதிகாரி திரையில் விரல் வைத்துக் கேட்டார்: “இது ஒண்ணு விட்டுப்போச்சே?”

“விட்டுப்போகல சார்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.