பர்மனென்ட் வீட்டு மாத்திரை

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் பர்மனென்ட் வேலையில் இருப்பவன் வீட்டு அலமாரி பாதி மெடிக்கல் ஷாப் மாதிரி. கம்பெனி ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்ததில் தின்றது போக மிஞ்சியதை யாரும் எறிவதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் காபி கொடுப்போம், கிளம்பும்போது மாத்திரை கொடுப்போம். இருமலுக்கு, சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு என்று கேட்டு வாங்கிப் போவார்கள். கம்பெனி மாத்திரை என்றால் சீக்கிரம் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. கொடுக்கிற நமக்கும் அதில் ஒரு பெருமை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடந்ததில் எனக்குக் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்துவிட்டது. அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் ஆளே போய்விடும் என்றார் டாக்டர். உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஒருமுறை அளவு எகிறிப்போய், பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. டாக்டர் உடனே பாதியாகக் குறைத்தார். பழைய பெரிய மாத்திரையில் இரண்டு அட்டை அலமாரிக்குப் போனது.

என் தம்பி டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் குடியிருந்தான். மைன்ஸில் கான்ட்ராக்ட் லாரி டிரைவர். ஷிஃப்ட் மேல் ஷிஃப்டாக சீட்டிலேயே கிடப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேன்ட்டை மடித்துக் காட்டினான். இடது கால் வீங்கிப் பளபளத்தது. எனக்கு வந்த அதே வீக்கம்.

"ஆஸ்பத்திரிக்குப் போடா" என்றேன்.

"போனா அட்மிட் ஆவுன்னுவாங்க. பத்து நாளு படுத்துகினு இருந்தா கான்ட்ராக்டரு வேற ஆளப் போட்டுடுவான். உன்கிட்டதான் மாத்திரை இருக்குதே, குடுண்ணே."

கம்பெனி வைத்தியத்துக்கான என் மெடிக்கல் புத்தகத்தில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர்கள் இருந்தன. தம்பிக்கு அதில் இடமில்லை. அலமாரியைத் திறந்தேன். "தெனம் ஒண்ணு போடு, ரத்தம் டெஸ்ட் பண்ணிக்க" என்றேன். தலையாட்டினான். பண்ணவில்லை. நானும் விசாரிக்கவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது என்று போனில் சொன்னான். மகிழ்ந்துபோய் இரண்டாவது அட்டையையும் கொடுத்தனுப்பினேன். முதுகுவலிக்கு அவன் கடையில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரை இதோடு சேரவே கூடாது. அது எனக்குத் தெரியும். என் டாக்டர் எனக்கு இரண்டு தடவை சொன்னதுதான். தம்பியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதில்லை, ஞாபகமே வரவில்லை.

ஒருநாள் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பியவன் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான், பேச்சு குழறியது. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மூளையில் ரத்தக்கசிவு என்றார் அங்கிருந்த டாக்டர்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

கம்பெனி மருந்தை வெளியாளுக்குக் கொடுத்தது தெரிந்தால் மெமோ வரும், விசாரணை வரும் என்று எங்கள் இருவருக்கும் பயம். டாக்டர் உள்ளே போனார். நான் வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அதற்கப்புறம்தான் ஓடிப்போய் மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"கேட்டப்பவே சொல்றதுக்கென்னய்யா!" என்று கத்தினார் டாக்டர். மாத்திரையின் வேகத்தை முறிக்க ஊசி போட்டார்கள், என்னென்னவோ ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று அந்த டாக்டரிடம் கேட்கலாம். இதுவரை கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தம்பி மனைவி என்னருகே வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"அந்த மாத்திரையால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவலியே மாமா?" என்றாள்.