கவரைப்பேட்டையில் உடையவே உடையாத கண்ணாடி

சுவத்துல ஒரு கோடு விழுந்தா வீட்டுக்காரருக்குத் தூக்கம் போகும், எனக்கு வேலை வரும். விரிசல் பார்க்கிற இன்ஜினீயர் பிழைப்பு அதுதாங்க. கோட்டுல விரலை வெச்சு அளந்து பார்த்தவங்க நீங்களும்னா, இதைக் கேளுங்க.

ஜன்னல் மூலை

கவரைப்பேட்டை டில்லி, ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். அவர் வீட்டுல ஜன்னல் மூலையிலேர்ந்து கூரை வரைக்கும் சாய்வா ஒரு விரிசல். பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வரணும், இருக்கிறது அந்த ஒரு ரூம்தான். மயிரிழைக் கோடுன்னா பெரும்பாலும் பூச்சு மட்டும் வெடிச்சிருக்கும். சாய்வா, மேல போகப்போக அகலமானா, அஸ்திவாரத்துல ஒரு மூலை இறங்குதோன்னு பார்க்கணும். இதையெல்லாம் மூச்சு விடாம விளக்கினேன். டில்லி பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாரு:

"அந்த ஜன்னலை அடைச்சிட்டா போய்டுமா சார்? வாஸ்துக்காரர் அப்டித்தான் சொன்னாரு."

கண்ணாடி

விரிசல் இன்னும் நகருதான்னு தெரிய, குறுக்கால மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டி, மேல தேதி எழுதிட்டு வருவேன். நகர்ந்தா கண்ணாடி உடையும். ஒரு மாசம் கழிச்சுப் போனா, முழுசா மின்னுது! பூசிடலாம், பொண்ணை வரச்சொல்லுங்கன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா, நான் எழுதின தேதியைக் காணோம். டில்லி சம்சாரம் சாந்தி தயங்கிக்கினே சொன்னாங்க:

"ரெண்டு தபா உடைஞ்சிபோச்சு சார், நீங்க கோச்சிக்கப் போறீங்கன்னு போட்டோ ஃப்ரேம் கடையில வாங்கி நானே ஒட்டிக்கினு வரேன்."

தோண்டினோம்

அந்த ரூம்ல பிள்ளைத்தாச்சியைப் படுக்க வெச்சிருப்போமே! அப்பவே வெளியே ஓடி அந்த மூலையைப் பார்த்தேன். சுத்தி மண்ணெல்லாம் காய்ஞ்சு கிடக்க, அங்க மட்டும் சேம்பு தளதளன்னு வளர்ந்திருக்கு. தோண்டினா, பாத்ரூம் பைப் உடைஞ்சு, களிமண் கூழாக் கிடக்கு. கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சுன்னு கத்தினேன். டில்லி முறைச்சாரு:

"இன்னா சார், என் ஊடு இறங்கிக்கினு கீது, நீங்க குதிக்கிறீங்க?"

மருமகன் வந்தாரு

பைப்பை மாத்தி, மூலைக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா கான்கிரீட் போட்டோம். புதுக் கண்ணாடி ஒட்டி, தேதி எழுதினேன். வாராவாரம் போய்ப் பார்த்தேன், உடையல. பொண்ணு வந்து பிரசவமும் ஆச்சு, இப்ப அதே ரூம்ல பேத்தியும் தூங்குறா. போன வாரம் சாந்தி போன் பண்ணாங்க:

"மருமகன் அசிங்கமா கீதுன்னு கண்ணாடியப் புடுங்கப் பாத்தாரு சார், அதுல கைய வெச்சா கொழந்தையத் தூக்க வுடமாட்டேன்னுட்டேன்!"

சுவத்தைப் படிக்க நாலு வருஷம் காலேஜ்ல சொல்லித் தந்தாங்க, அதுக்குள்ள குடியிருக்கிறவங்களைப் படிக்கிறதுல மட்டும் எனக்கு இன்னும் அரியர்தான்.