சந்தனம் பூசிய கட்டைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்த நாய் வீட்டுக்கு வந்த பிறகு, என்னைவிடச் சூடான ஒரு ஜீவன் அதே கூரைக்குக் கீழே இருந்ததால், நான் கொஞ்சம் அடங்கிப்போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துள்ளினால் வீடு தாங்காது.

பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் எனக்கு ஷிப்ட் வேலை. வீடு தெப்ராவ் பக்கம், தாமான் குடியிருப்பு ஒன்றின் மூலை வீடு. இந்த நாய்க்கு முன்பு நான் வளர்த்த நாய் சாது. அதை வைத்துத்தான் கீழ்ப்படிதல் போட்டிகளுக்குப் போகக் கற்றேன். நாய் நம் இடது காலோடு ஒட்டி நடக்க வேண்டும், சொன்ன இடத்தில் உட்கார வேண்டும், எறிந்ததை எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும். நடுவர் பார்த்து மதிப்பெண் போடுவார். அந்தச் சாது கிழமாகிப் போய்ச் சேர்ந்ததும், இனி நாயே வேண்டாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் பத்து பாகாட்டிலிருந்து போன் வந்தது. துணிக்கடை நடத்திக்கொண்டே நாய் வளர்க்கும் பெண் ஒருத்தி, போட்டிகளில் பழக்கம்.

“அக்கா, என்கிட்ட ஒரு பெட்டை இருக்கு. ரெண்டு வீட்டுக்குக் குடுத்தேன், ரெண்டு வீட்டுலயும் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

போனேன். பெல்ஜியத்து மேய்ப்பு நாய் வகை, போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. பழுப்பு உடம்பு, கரிய முகம். கூண்டுக்குள் தன் தண்ணீர்க் கிண்ணத்தை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கம்பியோடு அழுத்தி நீட்டியது. ‘இந்தா, வாங்கிக்கோ, அடுத்து என்ன வேலை சொல்லு’ என்று கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டு வீட்டார் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்றும் புரிந்தது, நான் அழைத்துப் போகாமல் திரும்பமாட்டேன் என்றும் புரிந்தது.

முதல் மாதம் கொசுவலைக் கதவு போனது. தோட்டக் குழாய் துண்டு துண்டானது. துடைப்பத்தை வெளியே வைக்க முடியவில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளும் எழுந்து நிற்பாள். உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பிற வீட்டு நாய்களைப் போலக் கிடந்து தூங்குவது என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“பிரேக் இல்லாத லோரிய வாங்கிட்டு வந்திருக்க” என்றார் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். அவர் வேறு எப்படிச் சொல்வார்?

அவர் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது. இந்த மாதிரி நாய்க்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடாமல் இருப்பதைத்தான் சொல்லித்தர வேண்டும். நான் காய் நறுக்கும்போது பாயில் படுக்க வைப்பேன். படுத்தால் ஒரு நெத்திலி. எழுந்தால் ஒன்றுமில்லை, மறுபடி படு. அதில் பல மாதம் போனது. மாலையில் மூடிக்கிடக்கும் கடைவரிசைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் நடை பழகுவோம். வேலையிடத்தில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு நான் வந்தால் அன்றைக்கு அவள் நடை கோணும். என் காலைப் பார்க்காமல் முகத்தையே பார்ப்பாள். கத்தினால் இன்னும் கோணும். அதனால் கார்க் கதவைத் திறக்கும் முன்பு உள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு இறங்கப் பழகினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரால் முடியாததை இந்த நாய் செய்தது. அதற்கு நான் அவளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அவருக்கும் அந்த நன்றி இருந்திருக்கும், வெளியே சொல்லவில்லை.

எல்லாப் பயிற்சியிலும் அவளுக்குப் பிடித்தது மோப்பப் பயிற்சி. ஒரே மாதிரி மரக்கட்டைகள் சில இருக்கும், நடுவில் பிடி, இரு பக்கமும் எண் போட்ட குமிழ். போட்டிக்கும் நம் கட்டைகளைத்தான் கொண்டுபோக வேண்டும். அதில் ஒன்றை மட்டும் நான் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கொடுப்பேன். அதை வேறொருவர் இடுக்கியால் எடுத்து மற்றவற்றோடு கலந்து வைப்பார். எதில் என் வாசம் இருக்கிறதோ அதைக் கண்டுபிடித்து அவள் கொண்டுவர வேண்டும். மற்ற வேலையெல்லாம் பறந்து பறந்து செய்பவள், இதை மட்டும் நிதானமாகச் செய்வாள். எந்தச் சோப்பு போட்டாலும் என் கையில் செம்பனை எண்ணெய் வாடை போகாது. மகள் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அந்த வாடையைத் தேடி அலைந்து கண்டுபிடித்து வாலாட்டிய ஒரே ஜீவன் இவள்தான்.

வீட்டுக்காரர் அவளைத் தொட்டதே இல்லை. வெறுப்பில்லை, பயம். துறைமுகத்து யார்டில் சங்கிலி அறுத்த நாய் ஒன்று அவர் கெண்டைக்காலைப் பிடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவளோ அவரை விடுவதாயில்லை. அவர் சாக்ஸ், பேப்பர், பிளாஸ்டிக் பாட்டில், எது கிடைத்தாலும் கவ்விக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காருவாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார்.

“ஏம்மா, இத வந்து வாங்கிக்க லா!”

இப்படியே நாங்கள் மூவரும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். அப்போது மகள் போன் செய்து தான் அம்மாவாகப் போவதாகச் சொன்னாள். தலைப்பிரசவம், நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும். தீபாவளி கழிந்ததும் அழைத்து வருவதாகப் பேச்சு. அன்று சாயங்காலம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

“பச்சப்புள்ள வர்ற வீட்டுல இந்த நாய் வேணாம்மா. தீபாவளிக்குள்ள பத்து பாகாட்டுக்குப் பேசிடு.”

நான் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. அவர் எதிர்த்துக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே ‘நீங்கள் சொல்வது தப்பு’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. பத்து பாகாட்டுக்காரியிடம் கேட்டேன். “மூணாவது தடவ திரும்பி வந்தா யாருதான் அக்கா வீட்டுக்கு எடுப்பாங்க? ஏதாச்சும் யார்டுல காவலுக்குத்தான் கட்டிப் போடணும்” என்றாள். அதை அவரிடம் சொன்னபோது எழுந்து கை கழுவப் போனார்.

கடைசியில் நானே இறங்கி வந்தேன். ஆயுத பூஜை முடிந்த வாரக் கடைசியில் போட்டி. அதில் தேறினால் அவளுக்குப் பட்டம். “ஒரு தடவ வந்து அவ வேல செய்யறதப் பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதக் கேக்கறேன்.”

“பாக்கறேன். ஆனா பாத்தா மனசு மாறிடும்னு நெனைக்காத” என்றார்.

ஆயுத பூஜை அன்று எனக்கு இரவு ஷிப்ட் முடிந்து காலையில்தான் வீடு. வாசலிலேயே சாம்பிராணி வாசம். சாமி மேடைக்கு முன்னால் வழக்கம்போலத் தாம்பாளத்தில் அவருடைய ஸ்பானர்கள், லோரிச் சாவி, டயர் தட்டும் சுத்தி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் இன்னொரு தாம்பாளம். அதில் நாயின் கழுத்துப்பட்டை, கயிறு, என் மோப்பக் கட்டைகள் எல்லாம் வரிசையாக. ஒவ்வொரு கட்டையையும் துடைத்துப் பளபளப்பாக்கி, இரண்டு குமிழிலும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்.

“அலமாக்! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஆயுத பூஜதானே” என்றார் இவர், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. “உன் ஆயுதம் இதுதானே?”

என் வாசம் மட்டும் ஒரே கட்டையில் இருக்க வேண்டும், மற்றதை யாரும் தொடவே கூடாது, மரம் வாசத்தைக் குடித்துவிடும், புதுக் கட்டை இங்கே எங்கேயும் கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவழைக்கவும் நாளில்லை என்று மூச்சுவிடாமல் கத்தினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். எழுந்து வந்து பார்த்தால், பின்பக்கக் குழாயடியில் எல்லாக் கட்டைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுவரோரம் வெயிலில் வரிசையாகக் காயவைத்து, மைனா கிட்டே வராமல் விரட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். இருந்த கொஞ்சநஞ்ச இடத்திலும் தன் கைவாசத்தைத் தேய்த்து ஏற்றிவிட்டார்!

சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தீபாவளிக்குள் அனுப்பிவிடச் சொன்ன மனிதர், அவளுடைய கயிற்றையும் பட்டையையும் தனக்குச் சோறு போடுகிற ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அது எனக்காகச் செய்தது. அதைப் பார்க்காமல் நான் சந்தனத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

போட்டிக்குப் போகலாமா வேண்டாமா என்று பத்து பாகாட்டுக்காரியிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “அதுக்கு இருக்கிறது நாய் மூக்காச்சே அக்கா, உங்க வாசத்தப் பிரிச்சுக் கண்டுபிடிச்சிடும். போயிட்டு வாங்க” என்றாள். ஷிப்ட் மாற்றிக் கொடுக்கக் கூடவேலை செய்யும் பெண் ஒருத்தி தன் லீவு நாளையே விட்டுக்கொடுத்தாள். இப்படிப் பலர் தோள் கொடுத்துத்தான் நான் அந்தத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே மடக்கு நாற்காலியில் அவர், கையில் பிளாஸ்டிக் பொட்டலத்தில் கட்டிய ஐஸ் தேநீர். எங்கள் முறை வந்தது. அன்றைக்கு அவள் நடந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். திரும்பினால் திரும்பினாள், நின்றால் உட்கார்ந்தாள், தூரத்திலிருந்து கூப்பிட்டதும் அம்பாக வந்து என் முன் நின்றாள். மீதி இருந்தது மோப்பம் ஒன்றுதான்.

என் கட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். கலந்து வைத்தார்கள். அனுப்பினேன். அவள் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ஒன்றில் நின்றாள், விட்டாள், மறுபடி வந்து அதிலேயே நின்றாள். வால் மெல்ல ஆடியது. கவ்விக்கொண்டு திரும்பினாள். என்னை நோக்கி வந்தாள், என்னைத் தாண்டினாள், கயிற்றுக்குக் கீழே நுழைந்து நேராக அவரிடம் போனாள்.

நான் தேய்த்த கட்டை அது இல்லை, குமிழில் இருந்த எண் வேறு. முழுக்க அவர் வாசம் அடித்த கட்டை. யாருடையதோ அவரிடமே கொண்டுபோய்விட்டாள்.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அவர் தேநீர்ப் பொட்டலத்தோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவள் அவர் கால்களுக்கு முன்னால் நேராக உட்கார்ந்தாள். கட்டை வாயில். குரைக்கவில்லை, முன்னங்காலைத் தூக்கி அவர் மேல் வைக்கவில்லை, அசையவே இல்லை. சொல்கிறவரை கொடுக்கமாட்டாள், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

பொட்டலம் மெதுவாகப் புல்லில் இறங்கியது. கை நீண்டது. 

“குடு” என்றார்.

தினமும் வீட்டில் நான் அவளிடம் சொல்லும்போது அவர் காதில் விழுந்த சொல். அவள் வாயைத் திறந்தாள். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு மற்றக் கையால், சூடான லோரி பானெட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, அவள் தலையைத் தொட்டார். கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

அந்தப் பயிற்சிக்குச் சுழியம். பட்டம் போனது. நடுவர் தாளில் கோடு போட்டார், போடும்போது சிரித்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். என் கண் கலங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் பின்னால் கூண்டில் சுருண்டு தூங்கினாள். அவர் காரை ஓட்டினார். டோல் தாண்டியதும் கேட்டார்.

“பட்டம் போனது என்னாலதானே?”

“பின்ன? உங்களாலதான்” என்றேன். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தேன், வரவில்லை.

 சிக்னலில் நின்றதும் கண்ணாடியில் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மக வந்தா தொட்டில் தொங்கவிடுற ஸ்பிரிங்க உள்ரூம்ல மாட்டிக்கலாம்மா. ஹால்ல காத்தாடிக்குக் கீழ நாய் படுத்துக்கட்டும்.”