ஆல்பினுக்கு வார் மாட்டிய ஞாயிறு

கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் நடத்திவந்த அருள்செல்விக்கு யார்மீதும் கோபம் வராது என்பது ஊரறிந்த செய்தி. வந்த கோபத்தை அவள் வெளியே காட்டுவதில்லை என்பது ஊர் அறியாதது.

அவள் மகன் ஆல்பினுக்கு இரண்டேகால் வயது. தொண்ணூற்றேழு மாசியில் ஒருநாள், யாரோ துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தபோது பூத்திலிருந்து நழுவி, டவுன்பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றான். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குவைத்திலிருந்த தங்கை பிரின்ஸி விஷயம் கேட்டு ஒரு வார் அனுப்பிவைத்தாள். பிள்ளையின் மார்பில் பூட்டி, மறுமுனையைத் தாய் பிடித்துக்கொள்வது.

கணவன் மிக்கேல்ராஜுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பத்தாம் வகுப்புக்குச் சுதந்திரப் போராட்டம் நடத்துகிற வாத்தியார். "பிள்ளை சுதந்திரமா வளரணும்" என்றார். பிள்ளை பின்னால் ஓடுவது மட்டும் அருள்செல்வியின் இலாகா.

மாதா கோயில் தேர்பவனியில், பங்கு மக்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் வாரைக் கழற்றி அவள் கையில் திணித்தார்.

"சந்தைக்கா ஓட்டிட்டுப் போற?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெக்கரியா சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அருள்செல்வியும் லேசாகச் சிரித்து, வாரை மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுப் பூசையில் பைபிளின் முதல் வாசகத்தை வாசிக்கப்போவது மிக்கேல்ராஜ் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு வாரம் அவர் கண்ணாடி முன் வாசித்துப் பழகினார். அவளும் குற்றம் குறை சொல்லாமல் கேட்டாள்.

ஞாயிறன்று கோயில் வாசலில் ஆல்பினை அவரிடம் ஒப்படைத்தாள். "இன்னிக்கு உங்ககூட சுதந்திரமா இருக்கட்டும்ங்க." சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வாசகத்துக்கு எழுந்த மிக்கேல்ராஜ், "பாத்துக்குங்க சார்" என்று பிள்ளையை ஜெக்கரியாவிடம் தந்துவிட்டுப் போனார். ஜெக்கரியா மூன்றாவது வசனம்வரை பார்த்துக்கொண்டார். ஆல்பின் இறங்கி, நடுவழியாக, அருள்செல்வியின் கைக்கெட்டும் தூரத்தில் பீடத்தை நோக்கிப் போனான். அவள் அந்தக் கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பீடத்துப் படியில் பூசை மணி இருந்தது. பிள்ளை அதை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினான்.

மணி கேட்டால் மண்டியிட்டே பழகிய சனம். முன்வரிசைக் கிழவிகள் முதலில் இறங்கினார்கள். அப்புறம் கோயில் முழுக்க முழங்காலில். பழக்கதோஷத்தில் மிக்கேல்ராஜும் மண்டியிட, வாசக மேடைக்குப் பின்னால் ஆளையே காணோம்.

"உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க" என்றார் சாமியார் மைக்கில். "சார், நீங்க எந்திரிங்க."

பூசை முடிந்ததும் மிக்கேல்ராஜ், திமிறும் பிள்ளையை இடுக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். அங்கே ஜெக்கரியாவும் பங்கு மக்களில் பாதிப் பேரும் நின்றார்கள்.

"பையில அது இருக்கா?"

"எதுங்க?"

"அதான்."

"பேரச் சொன்னாத்தானே எடுக்க முடியும்."

"வார்."

"சத்தமா சொல்லுங்க, மணி காதுலயே நிக்குது."

"வாருடி."

எடுத்துக் கொடுத்தாள். பூட்டத் தெரியாமல் அவர் திணற, ஒவ்வொரு கொக்கியாக, ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொடுத்தாள். மறுமுனையை அவர் கையிலேயே சுற்றிவிட்டாள்.

தெருமுனையில் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் இல்லைங்க. பெரிய கடைத்தெரு வழியா போவோம், வெத்தலை வாங்கணும்."

அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.