வடிகட்டிய கூழ்

பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டுக்குப் போன மறுநாளே இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். உள்ளே தையல் விட்டுக் கசிந்து, திரும்ப அதே வார்டுக்கு வந்தார். இரண்டாம் நாள் படுக்கை காலி. எடை குறைவதற்காக எனக்கும் அவருக்கும் ஒரே நாளில்தான் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கியிருந்தார்கள். காய்ச்சல் விடாததால் நான் இன்னும் அங்கேயே கிடந்தேன். அவரை மூடி எடுத்துப் போனதைப் பார்த்த பிறகு, எனக்குக் கொடுத்த உணவுத் தாளில் ஒரு வரியைக்கூட மீறுவதாக இல்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டு லாரியில் ஏறியவன் நான். ஊர் ஊராக ஓடியதில் உடம்பு நூற்று அறுபது கிலோ ஆனது. வண்டிப் படியில் கால் வைக்க முடியாமல் போனதும் ஓட்டம் நின்றது. எனக்கென்று வீடு கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சேக்காட்டில் அக்கா வீட்டில் போய் விழுந்தேன்.

முதல் இரண்டு வாரம் வடிகட்டிய நீராகாரம் மட்டும் என்றது தாள். இருமல் மருந்துப் பாட்டிலின் மூடிதான் என் அளவு. ஒரு மூடியைக் கால் மணி நேரம் சப்ப வேண்டும்.

"மச்சான், எறும்பு கூட உன்னவிட ஜாஸ்தி துன்னும்" என்று சிரிப்பார் மாமா, அக்காவின் கணவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், சர்க்கரை நோய்க்காரர். ஆனாலும் அந்த மூடியைக் கழுவி நீட்டியவர் அவர் ஒருவர்தான்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கறியும் மீனுமா துன்ன ஒடம்புடா. இப்டி காயப்போட்டா உசுரு நிக்குமா?"

நான் பிழைத்து எழுந்தால் ஆடியில் கூழ் ஊற்றுவதாக அவள் அம்மனுக்கு வேண்டியிருந்தாள். யாருக்காக வேண்டுதலோ அவர் முதல் சொம்பைக் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டாம் நாள். அண்டாவுக்கு முன்னால் தூக்குவாளிகளோடு தெருவே வரிசையில் நின்றது.

"தண்ணியாதானே கீது. குடிறா" என்றாள் அக்கா.

"நொய் கீதுக்கா. வெங்காயம் கீது."

"ஆத்தா கூழு. அது ஒன்னியும் பண்ணாது."

எனக்கு அந்தக் காலிப் படுக்கை கண்ணில் நின்றது. துண்டின் முனையைச் சொம்பின் வாயில் கட்டிச் சாய்த்து, மருந்து மூடியில் வடிந்ததை மட்டும் குடித்தேன். நொய்யும் வெங்காயமும் துண்டில் தங்கின.

வரிசையில் ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள். "இன்னா அண்ணாத்தே, ஆத்தா கூழயே வடிகட்டுற? சாராயமா காச்சுற?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. துண்டைப் பிடுங்கி, அதில் இருந்ததை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து மாமாவுக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தாளிப்பு நின்றது. காரணம் யார் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான்காம் நாள் அவருக்கு மூச்சு இழுத்தது. சர்க்கரை உடம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"ஆத்தா வந்துகீற ஒடம்புல ஊசி போடுவியா? உன்னாலதான் வந்தா. நீ வாயத் தொறக்காத" என்றாள் அக்கா.

போனைக் கையில் எடுத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். என் தாளை மீறாதவன், அவள் சொல்லை மீறவில்லை. ஆறாம் நாள் விடியும்போது அவர் போய்விட்டார். இன்றும் மனசுக்குள் அந்தப் போனை நான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் உறவுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். "இன்னிக்காவது ஒரு வாய் துன்னுடா, அவனுக்கோசரம்" என்றார் ஒரு பெரியவர். அன்றைக்கு என் தாளில் மசித்த பருப்பு இருந்தது. மருந்து மூடியால் மூன்று முறை அளந்து கிண்ணத்தில் போட்டு, மூலையில் உட்கார்ந்து மெல்லத் தின்றேன். அரை மணி நேரம் ஆனது. யாரும் என் பக்கம் உட்காரவில்லை.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"அந்தப் பேப்பர்ல இன்னும் எத்தினி நாளு கீது?"

"அளவு எப்பவும் கொஞ்சம்தான்கா. சாவுற வரிக்கும்."

அவள் எழுந்துபோய் என் பையை எடுத்துவந்து வாசலில், வேப்பிலைக்குக் கீழே வைத்தாள். நான் மூடியைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறினேன்.