ஃபோர்மேன் வெட்டிய ஜாயின்ட்

ஐஸ் ஃபாக்டரி ஃபோர்மேன் வேலை தெரிந்தவர்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஃபாக்டரிக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. அதற்குக் கேபிள் ஜாயின்ட் போட்டவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. சுவிட்சைப் போட்டதும் எர்த் ஃபால்ட் ரிலே படாரென்று டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்தது. மின்சாரம் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதே கதை.

"ரிலே பொய் சொல்லுமா? உன் ஜாயின்ட்தான் கசியுது" என்று முதலாளி முன்னாலேயே மச்சினனைப் பிடித்துக்கொண்டார் ஃபோர்மேன்.

"இல்ல மாமா, மெகர் மீட்டர் வச்சு கசிவு இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டுதான் மூடினேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவன் ஜாயின்ட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தானே புதிதாகப் போட்டார். சுவிட்சைப் போட்டார். டிரிப் ஆகாமல் நின்றது! கேட்க வேண்டுமா? மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சினனை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். கைவேலை சரியில்லாதவன் என்ற பேச்சு பரவி, வேறு யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

அடுத்த தடவை டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டுப் போட்டபோது மறுபடி டிரிப். இப்போது இருப்பது ஃபோர்மேனின் சொந்த ஜாயின்ட்! ரிலே கம்பெனியிலிருந்து இன்ஜினியர் அம்மா வந்து பார்த்தார்.

"கசிவே இல்ல சார். டிரான்ஸ்பார்மரை ஆன் பண்றப்ப முதல்ல கொஞ்ச நேரம் கன்னாபின்னான்னு கரண்ட் இழுக்கும். கரண்டை அளந்து ரிலேக்குச் சொல்ற சி.டி.ங்கிற கருவி குழம்பிடும், ரிலே அதைக் கசிவுன்னு நினைச்சுக்கும். சுவிட்ச் விழுற நேரத்தைப் பொறுத்து ஒரு தடவை நிக்கும், ஒரு தடவை டிரிப் ஆகும்."

ரிலே சற்றுப் பொறுத்துப் பார்க்கும்படி மாற்றிவைத்தார். அதோடு தொல்லை ஒழிந்தது.

ஃபோர்மேனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரே மச்சினன் வீட்டுக்குப் போனார்.

"ரிலே ஏமாத்திடுச்சுப்பா. யாருக்குமே தெரியல."

மச்சினன் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"ரிலே விஷயம் எனக்கும்தான் தெரியாது மாமா. என் ஜாயின்ட்டை வெட்டிப் பிரிச்சீங்களே, உள்ள எப்படி இருந்துச்சு?"

உள்ளே துளி ஈரமில்லை, ஒரு கருகல் இல்லை. அன்றைக்கே பார்த்தார். பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் குப்பையில் போட்டவர் அவரேதான்.

"நல்லா இருந்துச்சு" என்றார், டம்ளரைப் பார்த்தபடி.

"இதை முதலாளிகிட்ட சொல்வீங்களா?"

"பார்க்கலாம்ப்பா."

சொன்ன மறுகணமே வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அந்த வார்த்தையை அவர் மாற்றவில்லை.